ஒரு விரல் இடைவெளி

முதல் தவறு, குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றியது.
ஒரு நாள் வாளியில் வைத்துக் குளோரின் போகட்டும் என்று
கடைக்கார உசுயி சொன்னது
நான் பணம் கட்டி, வாசல் தாண்டிய பிறகு.

அடுத்தது ஜன்னலோரம்.
தொயாமாவில் ஜூலை மாதம்; தொட்டி கொதிக்கப் பார்த்தது.
ஐஸ் நிரம்பிய புட்டியை மிதக்கவிட்டு
நடுநிசியில் டார்ச் அடித்துத் தெர்மாமீட்டர் பார்த்தேன்.
நாற்பது லாரிகளின் நேரத்தைப் பகலெல்லாம் கட்டி மேய்ப்பவள்
ஒரு டிகிரிக்காக விழித்திருந்தேன்.

இரண்டு நியூட்கள்.
கறுப்பு முதுகு. கண்ணாடியில் ஏறும்போதுதான்
அடிவயிற்றுச் சிவப்பு தெரியும்,
எரியும் கடிதத்தை யாரோ ஒளித்துப் போவதுபோல.
தோலில் நஞ்சு உண்டு, தொட்டால் கை கழுவணும்.
கழுவிக் கழுவி என் விரல்நுனி வெடித்தது.

புழுவை இடுக்கியில் நீட்டினால்
தலை சாய்த்து யோசிக்கும்,
நெடுநேரம் யோசிக்கும்,
பிறகு புழுவை விட்டு இடுக்கியைக் கவ்வும்.

ஒன்றுக்கு சுமி என்று பெயர். கரி.
மற்றதற்கு வைப்பதற்குள்
பதினோராம் நாள் காலை, தொட்டியில் சுமி மட்டும்.

வடிகட்டிக் குழாய் நுழையும் மூலையில்
மூடிக்கு ஒரு விரல் இடைவெளி.
ஃபிரிட்ஜை நகர்த்தினேன். மெத்தையை உதறினேன்.
தொலைபேசியில் உசுயி,
"ஈரம் கிடைத்தால் சரி. இல்லாவிட்டால்..."
என்று இழுத்து, தன் கடை மீன்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

ஒரு வாரம் கழித்து மழை.
ரப்பர் பூட்ஸுக்குள் கால் விட்டேன்.
நனைந்த இலைபோல ஏதோ.

குடையை விரித்துக் காயவைக்கத் தெரியாதா உனக்கு?
பத்தொன்பது வருஷம் தத்சுஹிகோ கேட்ட கேள்வி.
அவர் போய் மூன்று வருஷம்.
சுருட்டிச் சாய்த்த குடை அன்றும்
அந்த பூட்ஸுக்குள்தான் சொட்டிக்கொண்டிருந்தது.

எலும்பும் தூசியுமாக, முதுகில் ஒட்டிய கம்பளி நூலோடு.
தொண்டை மட்டும் துடித்தது.
நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
வேலைக்குத் தாமதம். முதன்முறை.

கசா என்று பெயர் வைத்தேன். குடை.

இருபத்தைந்து வருஷம்கூட இருக்கும் என்கிறார் உசுயி.
எனக்கு ஐம்பத்தாறு.
கூட்டிப் பார்த்துவிட்டு
இன்னும் தடிமனான மூடி வாங்கினேன்.

ஆனாலும்
மழையில்லாத நாட்களில், படுக்கப் போகுமுன்,
குடையைக் குழாயில் நனைத்து
பூட்ஸ்மேல் சாய்த்து வைக்கிறேன்.