ஏழாயிரம் அடி உயரத்தில் ஒரு பள்ளம்

கேள்வி எண் பதினொன்று:
இருபத்துநான்கு மணி நேரத்தில்
நானூறு மில்லிமீட்டர் பெய்தால்
உங்கள் நகரம் தாங்குமா?
ஆம் / இல்லை.
பொருந்தாததை அடிக்கவும்.

கடலூரில் இருக்கும் தம்பி சிரிக்கிறான்.
மலைமேல் உட்கார்ந்துகொண்டு
வெள்ளத்துக்குப் பயப்படுகிறாயாக்கும்.
அவன் வீட்டில் புயல்களைப் பெயர் சொல்லித்தான் பேசுவார்கள்,
வந்து தங்கிப்போன சம்பந்திகளைப் போல.
அவன் வாசற்படிக்கு ஏழாயிரம் அடி மேலே
என் நாற்காலி. உண்மைதான்.
ஆனால் பள்ளத்தைக்
கடலிலிருந்து அளப்பதில்லை, தம்பி.
பக்கத்து மேட்டிலிருந்து அளக்கிறோம்.

எனக்கு மேடுகளுக்குக் குறைவில்லை.
தொட்டபெட்டா, எல்க் ஹில், ஃபெர்ன்ஹில்.
எல்லாம் சரிந்து வந்து நிற்கும் இடத்தில்
ஊட்டி பஸ் ஸ்டாண்டு.
முன்பு அது ஏரியின் வால்.
மண் கொட்டினோம், குதிரை ஓட்டினோம்,
பஸ் நிறுத்தினோம்.
ஏரி எங்கும் கையெழுத்துப் போட்டதாகக்
கோப்பில் இல்லை.

ஆகஸ்டில் நாடாவின் ஒரு முனையைச் சவரியப்பன் பிடித்தார்,
மறுமுனையை நான்.
வரைபடத்தில் கால்வாயின் அகலம் ஐந்து மீட்டர்.
நாடாவில் மூன்றே கால்.
மீதி ஒன்றேமுக்காலைத் தேடிப் போனோம்:
ஒரு வர்க்கி அடுப்பின் பின்சுவர்,
ஒரு லாட்ஜின் கழிவுத்தொட்டி,
அப்புறம், நகராட்சியே கட்டிய
கட்டணக் கழிப்பறை.
சவரியப்பன் எதுவும் சொல்லவில்லை.
நாடாவை மட்டும்
மிக மெதுவாகச் சுருட்டினார்.

நானூறு மில்லிமீட்டர் என்றால்
ஹெக்டேருக்கு நாற்பது லட்சம் லிட்டர்.
மார்ச்சில் இதே வார்டுக்கு
ஒரு லாரித் தண்ணீருக்காக
கவுன்சிலர் என்னை
மூன்று முறை போனில் கூப்பிட்டார்.

மேற்கே அவலாஞ்சியில் ஓர் ஆண்டு
ஒரே நாளில் எண்ணூறைத் தாண்டியது.
அதற்குப் பெயரில்லை. அது புயலுமில்லை.
காடு குடித்தது, அணை குடித்தது,
மிச்சத்தை மலை மண்ணோடு சேர்த்துத் துப்பியது.
அந்த மேகம்
இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர் கிழக்கே வந்து
படுத்திருந்தால் என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.
நானே கேட்டுக்கொண்டு
இரண்டு இரவு தூங்கவில்லை.

காந்தலில் ருக்கையா பானுவுக்குப் படிவம் கிடையாது.
வாசல் நிலையில் இருபுறமும் பள்ளம் செதுக்கி
ஒன்றரை அடிப் பலகை ஒன்று வைத்திருக்கிறாள்.
மழை தொடங்கினால் பலகையை இறக்கி
இடுக்கில் பிசைந்த களிமண்.
ரேஷன் கார்டு, மகளின் டி.சி., மூக்குத்திக்கு ரசீது
எல்லாம் ஐந்து லிட்டர் குக்கருக்குள்.
மூடி, கேஸ்கெட், வெயிட்.
‘போன தடவை உள்ளே ஒரு சொட்டு இல்ல மேடம்,
வெளியே இடுப்பளவு’ என்றாள்,
சமையல் குறிப்பு சொல்லும் குரலில்.

செயற்பொறியாளர் சொல்கிறார்:
ஆம் போடுங்க, ஒரு பக்கத்தோட முடியும்.
இல்லைன்னா இணைப்பு அ முதல் ஊ வரைக்கும்
நீங்கதான் எழுதணும்.

ஃபெர்ன்ஹில் தாங்கும். அங்கே நனைவது புல்வெளி.
குதிரைகளை மேலே ஓட்டிவிடுவார்கள்.
காந்தல் தாங்காது.
பஸ் ஸ்டாண்டு டீக்கடைப் பெஞ்சுக்கடியில் தூங்கும்
பையன் தாங்கமாட்டான்.
கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டம்
இரண்டையும் ஒரே வெள்ளையாக்கிக் காட்டுகிறது.

பேனாவைத் திறந்தேன்.
‘ஆம்’ இருந்தது, ‘இல்லை’ இருந்தது.
பொருந்தாதது
‘உங்கள் நகரம்’.
அதை அடித்தேன்.
பிறகு இணைப்பு அ-வுக்கு
ஒரு வெள்ளைத் தாள் எடுத்தேன்.

தலைப்பு எழுதுவதற்குள் போன்.
‘மேடம், சவரியப்பன். கல்வெர்ட்ல ஒரு கட்டில் மாட்டிக்கிச்சு.’
‘எவ்வளவு பெரிசு?’
‘டபுள் காட். தண்ணி ரோட்டுக்கு ஏறுது.’

மழைமானியைப் பார்த்தேன்.
காலையிலிருந்து
பதினெட்டு.