இருநூறாவது

பூராடத்தன்று இரவு இரண்டேகால்.
கஞ்சிக்கோட்டில் டயர் ரீட்ரெடிங் கடைக்கு மேல்மாடி.
பன்னிரண்டு மெஷின், ஒரு ஏசி,
ஏசிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி.
இருநூறு துண்டாக வெட்டிக் கொடுத்த கணக்கில்
நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது
பன்னிரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது.
மிச்சம் ஒன்று
மூன்று மணி நேரமாய் ஓடுகிறது.

திரையில் பச்சைக் கோடு
விளிம்புக்கு ஒரு நூல் தள்ளி நிற்கிறது.
பதினோரு மெஷின்கள் சும்மா இருக்கின்றன,
பந்தியில் இலையை மூடிவிட்டு
கடைசி ஆள் எழட்டும் என்று உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி.

முதலில் நினைவகத்தைக் கூட்டினேன்.
எட்டைப் பதினாறாக்கினேன், பதினாறை இருபத்துநான்காக.
செய்திருக்கக் கூடாது.
வீடு பெரிதானால் பெருக்க நேரம் பிடிக்கும்.
ஒன்பதாம் மெஷின் குப்பை கூட்டக் குனிந்தது,
குனிந்தது குனிந்தபடி இரண்டு நிமிடம்,
துடிப்பு அனுப்ப மறந்தது.
தலைமை மெஷின் அதைச் செத்ததாக எழுதிவிட்டு
வேலையைத் தூக்கி நான்காவதிடம் கொடுத்தது.
நான்காவதும் குனிந்தது.

(செத்தது எழுந்து வந்து
இதோ பாதி முடித்துவிட்டேன் என்றபோது
வாங்கிக்கொள்ள ஆளில்லை.
பதிவேட்டில் ஒரே ஒரு வரி, அதுவும் மஞ்சளில்.)

தொடுபுழையிலிருந்து போனில் ஷைனி வர்கீஸ்:
"ஒன்பதை மாத்திப் பாரு சேச்சி, அது எப்பவும் அப்படித்தான்."
கழற்றினேன். விசிறியில் இரும்பாலைத் தூசி
விபூதி போலப் படிந்திருந்தது.
ஊதினேன். தும்மினேன். மாட்டினேன்.
அதே கதை.
ஒன்பதின் மேல் குற்றமில்லை,
அதற்கு வாய்த்த பங்கு அப்படி.

பிறகுதான் எண்ணினேன்,
முதலிலேயே எண்ணியிருக்க வேண்டியதை:
எந்த ஊர்ப் பெயரில் எத்தனை வரி.
மூட்டைக்கு ஒரு வரி, ஏழு வருடக் கணக்கு.
ஒட்டன்சத்திரம் பதினோரு லட்சம்.
நாமக்கல் எட்டு. மேட்டுப்பாளையம் ஏழே முக்கால்.
வாளையார்
நான்கு கோடியே பத்து லட்சம்.

வாளையாரில் அப்படி என்ன விளைகிறது?
ஒரு சிமெண்ட் ஆலை, கொஞ்சம் மான்,
ரயிலடியில் வாழைக்காய் பஜ்ஜி.

எடைமேடைக்கு அடித்தேன்.
இரவு டியூட்டி ஆறுச்சாமி எடுத்தார்.
"பொறப்பட்ட ஊருங்கற கட்டம் காலியா இருந்தா
மிசின் சீட்டே குடுக்காதுங்க.
வண்டிக்காரன் ஹாரன் அடிக்கறான், பின்னாடி நூறு வண்டி நிக்குது.
நானு வாளையார்னு போட்டு உட்டர்றதுங்க.
பொய்யில்லீங்களே, இங்கதான நிக்குது வண்டி."

பொய்யில்லைதான்.
மலை மனமிரங்கி விலகிக் கொடுத்த ஒரே இடம்.
காற்றுக்கும் இந்த வழி, ரயிலுக்கும் இந்த வழி,
ஓணத்து வெள்ளரிக்கும்
என் இருநூறாவது துண்டுக்கும்.

விடிவதற்குள் அறிக்கை போயாக வேண்டும்.
எங்கள் தொழிலில் இதற்கு உப்பிடுதல் என்று பெயர்.
வாளையார் ஒன்று, வாளையார் இரண்டு
என்று நாற்பது வரைக்கும்
இல்லாத ஊர்களுக்குப் பெயர் வைத்தேன்.
மூட்டைகளைச் சீட்டுக் குலுக்கி அனுப்பினேன்.
நினைவகத்தை எட்டுக்கே இறக்கினேன்,
அடிக்கடி பெருக்கட்டும், கொஞ்சங்கொஞ்சமாக.

பதினாறு நிமிடம்.
பன்னிரண்டும் ஏறக்குறைய ஒன்றாக எழுந்தன.
வாளி நிரம்பித் தரையில் ஓடியதை
எந்த எச்சரிக்கை விளக்கும் சொல்லவில்லை;
துப்பட்டாவால் துடைத்தேன்.

நாற்பதையும் திரும்பக் கூட்டி
ஒரே வரியாக அறிக்கையில் வைத்தேன்.
புறப்பட்ட ஊர்: வாளையார்.
"சரியாயோ?" என்றாள் ஷைனி.
ஓடுது, என்றேன்.

கீழே கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும்போது
லாரி மறைவில் ஒருவன் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான்.
எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டேன்.
தெலுங்கில் ஏதோ ஊர் சொன்னான்,
பின்னால் வந்த பஸ் அதை அடித்துக்கொண்டு போனது.
இன்னொரு முறை கேட்கக் கூச்சமாக இருந்தது.