சிங்கப்பூர் வழியாக அடுத்த வீடு

தடைக்காலம் தொடங்கி ஒன்பதாம் நாள்.
போட்டு தேங்காப்பட்டணத்தில் கட்டிக் கிடக்கிறது.
நான் இரயுமன்துறையில், வெறும் தரையில்,
மடியில் ஒரு ரௌட்டரோடு.

மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த கன்சோல்
திருவனந்தபுரம் கஸ்டம்ஸைத் தாண்டிவிட்டது.
எங்கள் வீட்டு நடுச்சுவரைத்தான்
தாண்ட முடியவில்லை.

மீட்டர் பெட்டிக்கு மேலே வைத்தேன்: ஒரு கோடு.
ஃப்ரிட்ஜ் தலையில்: இரண்டு.
இரும்பு அலமாரி அலையைத் தின்னும் என்றார்கள்.
தின்றது.
மாதா ரூபத்துக்குப் பக்கத்தில் நாலு கோடும் நிறைந்தது.
பிபியானா ஒன்றும் சொல்லவில்லை,
எடுத்துத் திரும்ப என் மடியில் வைத்தாள்.

கடைசியில் ஜன்னல் கம்பியில்
தங்கூஸால் நாலு சுற்று, ஒரு இழுப்பு.
கச்சான் அடித்தால் கரண்டு போகும், ஆகவே
கட்டிலுக்கடியில் போட்டின் பழைய பேட்டரி.
அதுவும் பன்னிரண்டு வோல்ட், இதுவும் பன்னிரண்டு வோல்ட்.
ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளவில்லை.
பச்சை விளக்கு எரிந்தது.

ஆனாலும் ஆட்டத்தில்
நான் உதைத்த பந்து கிளம்புவதற்குள்
எதிராளி இரண்டு கோல் போட்டுவிட்டான்.
பிங் நூற்றெண்பது என்றது திரை.

பிங் எனக்குத் தெரியும்.
எக்கோ சவுண்டரோடு பதினேழு வருஷம்.
ஒரு சத்தத்தைக் கீழே அனுப்பிவிட்டு
அது தரை தொட்டுத் திரும்பும்வரை
காத்து நிற்கிற வேலை.
இங்கே தரை எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.
தேடிப் பார்த்தேன். சிங்கப்பூர்.

போனில் பார்த்தால்
எங்கள் வரிசை வீடுகளுக்கு மேலே காற்றில் பத்தொன்பது பெயர்கள்.
பிபின் ஹோம். ஸ்டெல்லா மேரிஸ் போட்.
பாஸ்வேர்டு கேக்காதே. பாஸ்வேர்டு கேக்காதே இரண்டு.
அத்தனையும் ஆறாம் சேனலில்.
கடலில் பத்தொன்பது போட்டு ஒரே சேனலில் பேசினால்
ஒருத்தன் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வேறு சேனலுக்குப் போவான்.
இங்கே திட்டக்கூட ஆளில்லை.
நானே பதினொன்றுக்குப் போனேன்.

அடுத்தது, போர்ட்டைத் திற என்றது.
எங்கள் துறைமுக வாயில் மணல் ஏறி
மனு கொடுத்து, மறியல் இருந்து,
போட்டு கவிழ்ந்து, ஆளைத் தேடி, மறுபடி மனு கொடுத்து…
இது ஒரு பொத்தான்.
அழுத்தினேன். திறந்துகொண்டது.
கொஞ்ச நேரம் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிங் ஐம்பத்திரண்டு.
எதிராளி பெயர் சுறா எழுபத்தேழு.
இடது பின்வரிசையில் ஓட்டை வைத்து ஆடுகிறவன்.
இரண்டுக்கு இரண்டு.

அப்போது திரிகால மணி அடித்தது.
ஜன்னல் வழியாக ஒரு காதுக்கு.
ஹெட்செட் வழியாக மறு காதுக்கு,
ஒரு இமைப்பு தாமதமாக,
மூன்றாவது அடியில் அதே கரகரப்போடு.

எடே, அது ஆஃப்சைடுடே!
சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தரம்,
காதுக்குள் இன்னொரு தரம்.
ரெமிஜியூஸ்.
பங்குக் கணக்கில் நாலாயிரத்துக்காக
பிப்ரவரி முதல் பேச்சில்லை.
கடைக்குப் போனால்
அவன் வெளியே வரட்டும் என்று ரோட்டில் நிற்பேன்.

என் பக்கத்து மணியை அவனும் கேட்டிருக்க வேண்டும்.
இடைவேளை முடிந்தும் ஆட்டத்தைத் தொடங்கவில்லை.

மைக்கைக் கொஞ்சம் கிட்டே இழுத்தேன்.
"ஆறுலயிருந்து மாறு. எல்லாவனும் அங்கதான் கெடக்கான்.
பதினொண்ணு என்னது. ஒண்ணு காலி."

"செரி"
சுவர் வழியாக முதலில் வந்தது.
கேளாததுபோல் இருந்தேன்.
சிங்கப்பூர் போய்த் திரும்பி வந்த 'செரி'க்குத்தான்
ம் என்றேன்.

மூன்றாவது கோல் வாங்கினபோது
குறை சொல்ல பிங் இல்லை.