முறிப்பு

பதினோராம் தரம், புவியியல்.
கரும்பலகையில் எரிமலை கீறுகிறேன்.
யன்னலுக்கு வெளியே கடல்வரைக்கும்
ஒரு மேடு கிடையாது.

“வெடித்தால்தான் ஆபத்தென்று நினைக்காதேங்கோ.
சாம்பல், குழம்பு, சாம்பல், குழம்பு என்று
அவசரத்தில் அடுக்கின மலை அது.
உள்ளே வெந்நீர் ஊறி ஊறிப் பாறை களியாகும்.
வெளியே பச்சைப் பசேலென்று இருக்கும்.
பிறகொருநாள் நெருப்பே இல்லாமல்
வெறும் மழைக்கு
ஒரு பக்கம் முழுதாய் இறங்கும்.”

எழுதிக்கொண்டார்கள்.
ஒருவரும் நம்பவில்லை.

வெளியே கூட்டிப்போனேன்.
புதுக் கட்டடத்துக்கென்று பறித்த கிறவல்
கட்டடம் வராமல் இரண்டு வருசமாய்க் கிடக்கிறது,
எங்கள் ஊரின் அதியுயர் சிகரம்.
டிலோஜன் வாளியால் ஊற்றினான்.
மூன்று வாளிக்கு ஒன்றும் நடக்கவில்லை.
நாலாவதுக்கும்.
ஐந்தாவதை நிரப்பப் போன நேரம்
ஊற்றாத பக்கம் சரிந்து
அதிபரின் மோட்டார்சைக்கிளை அரைச் சில்லுவரை மூடியது.

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.
யதுர்சிகா மட்டும் குந்தியிருந்து
ஈர அடியை விரலால் கிண்டினாள்.
“ரீச்சர், குளக்கட்டிலயும் கசியுது.
மாசிலாமணி அண்ணையின்ரை வயலுக்கு மேல.
முந்தித் தெளிவாய் வரும்.
ஞாயிற்றுக்கிழமையிலயிருந்து தேத்தண்ணி நிறம்.”

தெளிந்த கசிவு குளம் மூச்சு விடுவது.
கலங்கினால்
கட்டு தன்னைத்தானே சுமந்து வெளியேறுகிறது.
இது பாடத்திட்டத்தில் இல்லை.

நீர்ப்பாசனத் திணைக்களம். நேசராசா
எதையோ மென்றபடி, “வான் பாயுதோ?”
“இல்லை.”
“அப்ப பயமில்லை.”
“தேத்தண்ணி நிறம்” என்றேன்.
மெல்லும் சத்தம் நின்றது.

இருட்டுமுன் ரக்ரர்கள் வந்தன.
கசிவின் வாயில் பருமணல், அதன்மேல் பாரத்துக்குக் கிறவல்.
“தண்ணி வரட்டும், மண் வரக்கூடாது” என்று
நேசராசா இரவு முழுக்கக் கத்தினார்.
கிறவல் போதவில்லை.
எங்கள் சிகரம் நாலு பெட்டியில் ஏறிப்போனது.

இந்தப் பக்கம் எத்தனை ஊருக்கு முறிப்பென்று பெயர்.
உடைந்த இரவில் அங்கே நின்றவர்கள்
வேறொன்றும் எழுதிவைக்கவில்லை,
அந்த ஒரு சொல்லைத் தவிர.

மழை விடவில்லை.
யதுர்சிகா தினமும் ஒரு சோடாப் போத்தலில்
கசிவை அள்ளிக்கொண்டு வகுப்புக்கு வருகிறாள்.
யன்னலோரம் தூக்கிப் பிடிக்கிறோம்.
இன்றைக்குக் கொஞ்சம் வெளிறினது போல.
வெளிச்சமாகவும் இருக்கலாம்.