இரண்டாம் தரம் கேட்பது

"இன்னாமா, நீதான் டிரைவரா?" என்றார் முனிரத்தினம்.
ஆமாம் என்றேன்.
ஓட்டுவது பஸ் இல்லை.
உங்கள் டிக்கெட் மெஷினுக்குள் உட்கார்ந்து
சார்ஜர் சிப்போடு பேசுகிற
எண்ணூறு வரி.

அவர் சிரிக்கவில்லை.
மூலையில் இருந்த சிவப்பு வாளியைக் காட்டினார்.
தீக்கு வைத்த மணல். பாலாற்று மணல்தான்.
தண்ணீர் வராத ஆறு
இதற்காவது வந்திருக்கிறது.
அதற்குள் பதினேழாம் எண் மெஷின்,
முதுகு மூடி பிளந்து
பேட்டரி பூரி மாதிரி உப்பி.
"ராத்திரி ரெண்டரைக்கு ஒரு இனிப்பு வாசம்மா.
துண்டால புடிச்சுத் தூக்கிப் போட்டேன்.
அப்பகூட ஸ்கிரீன்ல
நல்லா கீதுன்னுதான் காட்டிச்சு."

டெப்போவின் தகர அறை. மே மாதம்.
வேலூரில் வெயில்
ஆறு மணிக்கு வீடு திரும்புவதில்லை.
மலைப்பாறைக்குள் போய் உட்கார்ந்து
விடிய விடிய மூச்சு விடும்.
ஒரே பலகையில் நாற்பது மெஷின்கள்
தோளோடு தோள் உரசி
மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தன.

ஸ்டூலில் லேப்டாப்பை வைத்துப் பழைய நிரலைத் திறந்தேன்.
எழுதியவன் ஹபீப். நல்ல பையன், இப்போது மஸ்கட்டில்.
பாவம், அவனுக்கு ஒரு தொல்லை:
இயக்கும்போதெல்லாம் சிப் ஏதோ ஒரு பிழை சொல்லும்,
போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.
நாலு நாள் பொறுத்திருக்கிறான்.
ஐந்தாம் நாள் ஒரு வரி:
பிழை எதுவானாலும் 'நலம்' என்று திருப்பு.
பக்கத்தில் குறிப்பு, 'சும்மா கத்துது'.

சும்மா கத்தவில்லை ஹபீப்.
கையேட்டின் முப்பத்தெட்டாம் பக்கத்தில்
அட்டவணைக்கு அடியில், பொடி எழுத்தில் இருக்கிறது:
பிழைப் பதிவேட்டை இரண்டு தரம் படிக்கவும்.
முதல் தரம் வருவது நடந்து முடிந்தது.
அடுத்த தரம் வருவதுதான்
இப்போது நடப்பது.

நம் வீடுகளில் தெரிந்த விஷயம்தானே.
சாப்பிட்டாயா என்றால் முதலில் வரும் 'ஆச்சு'
நேற்றைய சோறாக இருக்கலாம்.
இன்னொரு தரம் கேட்டால்தான்
பசி வாயைத் திறக்கும்.
நீ ஒரு தரம் கேட்டாய்,
ஆறிப்போன வலியையே கேட்டுச் சலித்தாய்,
காதைப் பொத்திக்கொண்டு
ஊருக்கெல்லாம் கடிதம் போட்டுவிட்டாய்:
நலம், நலமறிய ஆவல்.

இரண்டு தரம் கேட்க வைத்தேன்.
வெப்பம் அளக்கிற உணரி பதில் தராவிட்டால்
'தெரியாது' என்று சொல், சார்ஜை நிறுத்து.
நாற்பத்தைந்து டிகிரி தாண்டினாலும் நிறுத்து.
எழுத இருபது நிமிஷம்.
சண்டை மூன்று நாள்.

மேனேஜர் எபினேசர் போனில்:
நாலு நாற்பது குடியாத்தம் வண்டிக்கு
மெஷின் பாதி சார்ஜில் வருகிறதாம்.
"ஐம்பத்தைந்து ஆக்கிவிடு. ஒரு எண்தானே."
ஒரு எண்தான்.
அவருக்கு வாளியைப் படம் எடுத்து அனுப்பினேன்.
அன்று மாலையே பலகை ஜன்னலோரம் போனது.
மெஷினுக்கு மெஷின் நாலு விரல் இடைவெளி.
நள்ளிரவுக்கு மேல்,
பாறை தன் சூட்டைக் கைவிடுகிற நேரத்தில்தான்
சார்ஜ்.

முனிரத்தினத்துக்கு ஒரே குறை.
"பூஜ்யம் எட்டுன்னு வருதே, இன்னா அது?
தமிழ்ல சொல்லச் சொல்லு."
அந்த இடத்தில்
'சூடு ஆறட்டும்' என்று போட்டேன்.
மறுநாள் மதியம் சத்துவாச்சாரி தாண்டும்போது
சில்லறைக்குச் சண்டை பிடித்த ஒருவரிடம்
ஒன்றும் பேசாமல்
மெஷினைத் திருப்பிக் காட்டினாராம்.

இருபத்துமூன்றாம் எண் மட்டும்
முதல் தரம் ஒன்று சொல்கிறது,
அடுத்த தரம் வேறொன்று.
மூன்றாம் தரம் கேட்டால் பேசுவதே இல்லை.
சார்ஜ் போடாமல், தனியாக,
மணல் வாளிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
இன்று ராத்திரியும் போக வேண்டும்.