பதினோராம் எண் டிராம்

காலை ஏழுக்கு ஒரு மாத்திரை.
காபி ஆறும் முன்பே
சமையலறையின் இரைச்சல்கள் ஒவ்வொன்றாக
இருக்கை தேடி உட்கார்ந்துகொள்கின்றன.

நாற்பத்து மூன்று வயதில்
டிராம் ஓட்டப் படிக்கிறேன், கோதன்பர்க்கில்.
நிறுத்தங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும்,
கடைசியில் கடல் வரும் வரை.
பள்ளியில் வாய்ப்பாடு
ஏழாவது வரியில் ஜன்னல் வழியே இறங்கிப் போகும்.
கூடவே நானும்.
"ஊல்ரிக்கா!" என்று டீச்சர் அதட்டும்போது
மரத்தில் காக்கை எத்தனை என்பது மட்டும் தெரியும்.

இப்போது ஒரு முறை படித்தால் போதும்.
இல்லை, பொய். மூன்று முறை.
ஆனால் மூன்று முறையும் நான் அங்கே இருக்கிறேன்.
மாத்திரை எதையும் கற்றுத் தராது என்றார் டாக்டர்,
நாற்காலியை விட்டு எழாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.
அதுவும் சில நாள் தவறான நாற்காலி:
பிரேக் பாடம் திறந்து கிடக்க
நான்கு மணி நேரம் மசாலா டப்பிகளுக்கு
லேபிள் எழுதினேன்.
ஏலக்காய்க்கு மட்டும் இரண்டு.

டாக்டர் சொல்லாதது ஒன்று உண்டு.
பாடம் நுழையும் கதவுக்குக் காவல் கிடையாது.
ஹென்னிங் சொன்னதும் உள்ளே வந்து அமர்ந்துவிட்டது.
மார்ச் ஒன்பது, மாலை, சிங்க்கில் நீல வாணலி,
"உன்னோடு வாழ்வது இன்னொரு குழந்தையை வளர்ப்பது."
ஒரு சொல் மாறவில்லை.
முன்பெல்லாம் சண்டைக்கு மறுநாள்
எதற்குச் சண்டை போட்டோம் என்று அவனையே கேட்பேன்.
சிரித்துவிடுவான்.
பதினாறு வருடம் அந்தச் சிரிப்பில்தான் ஓடியதோ என்னவோ.

ஞாயிறு, மாத்திரைக்கு விடுமுறை.
பசி திரும்பி வருகிறது, உருளைக்கிழங்கு அடிப்பிடிக்கிறது.
வாணலி நீலமா பச்சையா,
யோசிக்க வேண்டியிருக்கிறது.
அவன் தோளில் சாய்ந்தபடி
படம் முடியும் முன் தூங்கிப்போகிறேன்.

தேர்வில் தேறிவிட்டேன்.
ஒரு நிறுத்தம் விட்டுப்போனது,
தேர்வாளர் எலியாசன் கண்டுகொள்ளவில்லை.

நேற்று காலை எட்டு. வாசலில் ஹென்னிங்
கோட்டுப் பைகளைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான்.
"என் சாவியைப் பார்த்தாயா?"
முதல்முறையாக, அவன்.

ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால்.
வைத்தபோது விசிலடித்துக்கொண்டிருந்தான்,
எந்த மெட்டு என்பதுகூடத் தெரியும்.
சொல்வதற்கு முன்
யார்ன்டோரியட்டிலிருந்து ஸால்ட்ஹோல்மென் வரை
மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன்,
எந்த நிறுத்தத்தையும் விடாமல்,
மெதுவாக.