கதிரை

கழுத்தில் இரண்டு எலும்புகளைத் தகடு வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.
கட்டிலில் சாய்த்துத் தலையைத் தொங்கவிட்டுத்
திருப்புகிற வைத்தியம் எனக்குச் சரிவராது.
"அப்படியென்றால் ஆளோடு சேர்த்துத்தான் சுழற்றவேண்டும்,"
என்றாள் டெஸ்பினா.
கிழக்கு மெல்பேர்னில், மூன்றாம் மாடியில்,
அதற்கென்று ஒரு கதிரை.

பதினொரு கிழமை.
வலப்பக்கம் புரண்டால் வீடு கவிழும்.
மேல்தட்டில் சீனிப் போத்தலை எடுக்க நிமிர்ந்தால்
குசினி பம்பரம்.
நோபிள் பார்க்கில் ஒரு சேர்பியக்காரரின் குளியலறையில்
நான் ஒட்டிய தரை சரிகிறதென்று நம்பி
பதினாறு டைல்ஸைக் கிளப்பினேன்.
மயூரதன் நீர்மட்டத்தை வைத்துப் பார்த்தான்.
குமிழி நடுவில் நின்றது,
அசையாமல், என்னைப் பார்த்தபடி.
"அண்ணை, பிழை தரையிலை இல்லை."
பிறகு ஒன்றும் பேசாமல்
உடைந்த துண்டுகளை வாளியில் பொறுக்கினான்.
அந்த மௌனத்துக்கும் மணிக்கு நாற்பத்தைந்து டொலர்
நான்தான் கொடுத்தேன்.

"காதுக்குள் கல்," என்று முதல்நாள் சொல்லியிருந்தாள்.
"பொடிக்கல். இருக்கவேண்டிய இடத்தை விட்டு
வளைந்த குழாய்க்குள் உருண்டு போயிருக்கிறது."
என்ன கல்?
"சுண்ணாம்புதான்."

சிரிப்பு வந்தது.
இருபத்திரண்டு வருஷமாகச் சீமெந்து குழைத்து
ஊரார் வீட்டு இடுக்கெல்லாம் அடைத்தவன்
தன் தலைக்குள்ளேயே கொஞ்சம் சிந்திவிட்டான்.

தோளுக்கு, இடுப்புக்கு, கணுக்காலுக்கு
ஒவ்வொரு பட்டி,
லூனா பார்க்கில் பிள்ளைகளைக் கட்டுவதுபோல.
கண்ணுக்கு மேல் கறுப்பு மூடி.
இருட்டுக்குள் ஒரு கமரா என்னைப் பார்க்க
நான் ஒன்றையும் பார்க்கவில்லை.
கதிரை வலப்பக்கம் திரும்பி
மெல்லப் பின்னால் சாய்ந்தது.
கால் மேலே. தலை கீழே.
ஒன்று.
இரண்டு.
மூன்று எண்ணும்வரை ஒன்றுமில்லை.
ஏமாற்றிவிட்டேனோ என்று வெட்கமாக இருந்தது.

பிறகு யாரோ அறையைப் பிடுங்கினார்கள்.

பட்டியைப் பிடித்தேன், பட்டியும் சுற்றியது.
கண்ணை மூடாதேங்கோ, மூடாதேங்கோ என்று
அவள் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குத் தமிழில் கேட்டது.
"அருமையாகத் துள்ளுகிறது!" என்றாள்.
என் நோயைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருத்தியை
நான் இதுவரை சந்தித்ததில்லை.

முப்பத்தெட்டு விநாடி.
நின்றது.
கதிரை இப்போது மற்றப் பக்கம்,
கரணையால் பசை இழுக்கும் வேகத்தில்,
கழுத்தைத் தொடாமல் என்னை முழுசாகச் சரித்தது.
முகம் நிலத்தைப் பார்த்துத் தொங்கியபோது
பொக்கட்டிலிருந்து
டைல்ஸ் இடுக்கில் வைக்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் சிலுவைகள்
நாலைந்து கொட்டுண்டன.

நிமிர்த்திய பிறகு ஒன்றைப் பொறுக்கி
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.
"வேதக்காரரா?"
"இல்லை. மூன்று மில்லிமீட்டர்."

கல் எங்கே போனது என்று கேட்டேன்.
"வந்த இடத்துக்கு. கரைந்தும் போகும்.
திரும்பியும் வரலாம்," என்றாள்,
அடுத்த ஆளின் பெயரைத் தேடியபடி.

ரயிலில் ஜன்னலோரம் இருந்தேன். ரிச்மண்ட் ஓடியது,
ஓடவேண்டிய அளவுக்கு மட்டும்.
நாளைக்கு அந்தப் பதினாறையும் ஒட்டவேண்டும்.
ஷவருக்குக் கீழே மட்டும் கவனம்,
அங்கே குமிழி நடுவில் நின்றால் தண்ணீர் தேங்கும்.

இரவு.
பதினொரு கிழமையாக அலுமாரியைப் பார்த்துப் படுத்தவன்
வலப்பக்கம் திரும்பினேன்,
கதிரை திரும்பிய வேகத்திலேயே.
ஒன்று. இரண்டு. மூன்று.
நாலும் வந்து போனது.
கூரை கூரையாகவே இருந்தது.
சுகிர்தாவின் காதோரத்தில் நரை,
எப்போது வந்ததென்று தெரியவில்லை.

ஒரு கண்ணைத் திறந்தாள்.
"என்ன?"
"ஒன்றுமில்லை."
"அப்ப லைற்றை நூத்திட்டுப் படுங்கோ."